பழையதிலேயே நிற்கும் மனம்

"பழசையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் குறைவு. தூக்கம் வரவில்லை, தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்றுதான் பேச்சு தொடங்கும். இதய மருத்துவர், வயிற்று மருத்துவர் என்று எல்லோரையும் பார்த்து முடித்து, இ.சி.ஜி.யும் எண்டோஸ்கோப்பியும் சரியாக இருக்கின்றன என்ற தாள்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். கூட வந்த மகளோ மனைவியோ எழுந்து போகும் நேரத்தில்தான் விஷயத்தைச் சொல்வார்: "எந்நேரமும் ஒரே நெனப்புதான் சார். பங்கு பிரிச்சதையே பேசிக்கிட்டு இருப்பாரு." பங்கு பிரித்து இருபது வருடம் ஆகியிருக்கும்.

சொல்லப்படும் சங்கதிகள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, போகாமல் விட்ட பதவி உயர்வு, தட்டிக்கழித்த வரன், நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, காலம் தாழ்த்திச் செய்த வைத்தியம். இந்தத் தொழிலில் பல வருடம் உட்கார்ந்தவர்கள் கவனிப்பது வேறொன்று. ஒரே கதை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் வரும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கதைக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டால், அதாவது பத்திரம் பதியப் போன அன்று யார் யார் வந்தார்கள், மழையா வெயிலா, திரும்பி வரும்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டால், பதில் வராது. இருபது வருடமாக ஒரு நாளையே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அந்த நாளைப் பற்றிய தீர்ப்புதான் இருக்கிறது: "எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க."

வீட்டிலும் மருத்துவமனையிலும் நெடுங்காலம் வழங்கப்பட்ட யோசனை ஒன்றுதான்: மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கோயில் குருக்கள் சொல்வார், அவசரத்தில் இருக்கும் டாக்டரும் சொல்வார். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் செய்த சோதனை இந்த யோசனையின் பலவீனத்தைக் காட்டிவிட்டது. வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலருக்குச் சொல்லி, அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார். மணி நிற்கவில்லை. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். மறந்துவிடச் சொல்லி அனுப்பப்பட்டவர் இரண்டு வாரம் கழித்து வரும்போது, பழைய வேதனையோடு 'இதைக்கூட என்னால் மறக்க முடியவில்லையே' என்ற புதுக் குற்றவுணர்வையும் சேர்த்துக் கொண்டுவருவார்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் தொழிலுக்குள் இருந்தது. ஃபிராய்டின் வழியில் பயின்ற தலைமுறைக்கு, தோண்டத் தோண்ட நோய் வெளியே வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது அதற்கு நேரம் கிடைப்பதில்லை. தனியார் ஆலோசனை அறைகளில் நேரம் கிடைத்தது. 'ஏன் அப்படிச் செய்தீர்கள், ஏன் அப்படித் தோன்றியது, ஏன் உங்களுக்கே இப்படி நடக்கிறது' என்று வாரம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே போனார்கள். சிலருக்கு அது உதவியது. மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தவர்கள் பலர் உள்ளே வந்ததைவிடக் கனத்த முகத்தோடு வெளியே போனார்கள். அது குணமாவதற்கு முந்தைய வலி என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது.

அந்த விளக்கத்தை அசைத்தவர் சூசன் நோலன்-ஹோக்செமா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, மனம் சோரும் நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து அளந்துவைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, லோமா பிரியேட்டா நிலநடுக்கம் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தை உலுக்கியது. 63 பேர் இறந்தார்கள். எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு அமைக்க முடியாத சந்தர்ப்பம் அது. அவர் அதே மாணவர்களைப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மறுபடி அளந்தார். துயரம் வந்தால் அதையே உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள், நடுக்கத்துக்குப் பிறகு அதிகச் சோர்வில் இருந்தார்கள். முன்பே அவர்களுக்கு எவ்வளவு சோர்வு இருந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் நின்றது. நேர்ந்த சம்பவம் எல்லோருக்கும் ஒன்று. அதன் பிறகு மனம் செய்யும் வேலை ஆளுக்கு ஆள் வேறு.

அடுத்து அவரும் சோன்யா லுபோமிர்ஸ்கியும் செய்த சோதனைகள் தொழிலில் இருந்தவர்களை இன்னும் அதிகமாக யோசிக்கவைத்தன. சோர்ந்திருப்பவர்களில் ஒரு பகுதியினரை எட்டு நிமிடம் தம் மனநிலையையும் அதன் காரணத்தையும் நினைக்கச் செய்தார்கள்; மற்றவர்களை வெளியே இருக்கும் சாதாரணப் பொருள்களையும் காட்சிகளையும் நினைக்கச் செய்தார்கள். எட்டே நிமிடத்தில் முதல் குழுவின் சோர்வு கூடியது. அன்றாடச் சிக்கல் ஒன்றைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னபோது அவர்கள் சொன்ன வழிகளும் மோசமாக இருந்தன. சோர்வில்லாதவர்களுக்கு அதே எட்டு நிமிடம் எதுவும் செய்யவில்லை. ஒருவரை வாரந்தோறும் ஒரு மணி நேரம் எப்படிப் பேசவைப்பது என்பதைத் தொழிலே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

அதற்காகப் பழையதைப் பேசவே கூடாது என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் தவறாகிவிடும். 2003-இல் நோலன்-ஹோக்செமாவின் குழுவே தன் வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தது. தன் நிலையை எட்டாத ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பொருமிக்கொண்டிருப்பது ஒரு வகை. நடந்ததைப் புரிந்துகொள்ள முனைந்து யோசிப்பது இன்னொரு வகை. காலப்போக்கில் சோர்வைக் கூட்டுவது முதல் வகைதான். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் இன்னும் ஒரு படி போய், யோசனையின் வடிவத்தைப் பிடித்தார். 'எனக்கு மட்டும் ஏன்' என்று பொதுவாகக் கேட்கும் மனம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'அது எப்படி நடந்தது, முதலில் என்ன, அடுத்து என்ன' என்று கேட்கும் மனம் ஓர் இடத்தில் போய் நிற்கிறது. இதை வைத்தே அவர் ஒரு சிகிச்சை முறையை அமைத்தார். இதற்கு அடித்தளம் 1986-இல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ் கண்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் 'மகிழ்ச்சி' போன்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அதனோடு சேர்ந்த ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். குறிப்பிட்ட நாள் ஒன்று அவர்களுக்கு எளிதில் வரவில்லை. 'சின்ன வயசில் அப்பாவோடு நடக்கப்போவேன்' என்பதுபோல ஒரு பொதுப்படையான பதில்தான் வந்தது. பாகப்பிரிவினைக்காரருக்கு அன்றைய மழையும் வெயிலும் நினைவில் இல்லாததன் காரணம் இங்கே இருக்கிறது.

விவரத்துக்குள் போவது அறையில் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். நடுவயதுப் பெண்மணி. கணவர் மாரடைப்பில் போய் இரண்டு வருடம். "அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு. நான்தான் கொன்னுட்டேன்." இந்த இரண்டு வாக்கியம்தான் இரண்டு வருடமும். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்று தேற்றியவர்களின் எண்ணிக்கைக்குக் கணக்கில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. தேற்றுகிற ஒவ்வொருவரிடமும் அவர் தன் குற்றத்தை மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஆலோசகர் தேற்றவில்லை. "அன்னைக்கு ராத்திரி என்னம்மா சமைச்சீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்மணிக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தார். தோசை, மத்தியானத்துச் சாம்பார். மூன்றாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டார். அப்போது மணி என்ன? டிவியில் செய்தி முடிந்திருந்தது. எங்கே உட்கார்ந்திருந்தார்? ஊஞ்சலில். நெஞ்சு எரிகிறது என்றார். ஓமத்தண்ணி கொடுத்தேன். எந்தத் தம்ளரில்? எவர்சில்வர் தம்ளர், கீழே அவர் பேர் பொறித்தது. குடித்துவிட்டு என்ன சொன்னார்? இந்த இடத்தில் நீண்ட நேரம் பேச்சில்லை. "வாயுதான்டீ, படுத்தா சரியாயிடும்னாரு. நான் ஆட்டோவுக்குச் சொல்லட்டுமான்னேன். இந்த நேரத்துல ஊரைக் கூட்டாதேன்னாரு." இரண்டு வருடமாக அவர் சொல்லிவந்த கதையில் அந்த ஆட்டோ இருந்ததில்லை.

அன்றோடு துக்கம் தீர்ந்துவிடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அவர் முன்பைவிட அதிகமாகவே அழுதார். ஆனால் 'நான் கொன்றேன்' என்ற வாக்கியம் குறைந்து, கணவரைப் பற்றிய பேச்சு தொடங்கியது: அவருடைய பிடிவாதம், டாக்டரிடம் போகப் பயப்படுவது, ஊஞ்சல். குற்றத்தை நினைத்துக்கொண்டிருந்த பெண் ஆளை நினைக்கத் தொடங்கினார். இந்த வேலையில் ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். அந்த ஆட்டோவை ஆலோசகர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. "நீங்க கூப்பிட்டிருப்பீங்களே, அவர்தான் வேண்டாம்னு சொல்லியிருப்பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடக்காத ஒன்றும் நினைவாகப் பதிந்துவிடும். எலிசபெத் லாஃப்டஸ் 1974 முதல் செய்த சோதனைகள், கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினாலே சாட்சி சொல்பவரின் நினைவு மாறுவதைக் காட்டின. தம்ளரைப் பற்றியும் மணியைப் பற்றியும் கேட்கலாம். விடையை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

'முன்னமே தெரிந்திருக்க வேண்டும்' என்ற வருத்தத்துக்கும் ஒரு தெளிவான பொறிமுறை உண்டு. 1975-இல் பாரூக் ஃபிஷ்காஃப், 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரின் பின்னணியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். முடிவு தெரியாதவர்கள் ஒரு மாதிரி மதிப்பிட்டார்கள். ஒரு முடிவு சொல்லப்பட்டவர்களுக்கு, எந்த முடிவைச் சொன்னாரோ அதுவே முதலிலிருந்து நடக்கக்கூடியதாகத் தோன்றியது. தங்களுக்கு அப்படித் தோன்றுவதற்குச் சொல்லப்பட்ட முடிவுதான் காரணம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நெஞ்செரிச்சல் வந்த இரவில் அது நெஞ்செரிச்சல்தான். மறுநாள் காலையில்தான் அது மாரடைப்பாகிறது. பத்து மணிக்குத் தோசைக்கல்லின் பக்கத்தில் நின்றவரை, மறுநாள் தெரிந்ததை வைத்து விசாரிப்பது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தை மனிதர்கள் தங்களுக்கே செய்துகொள்கிறார்கள்.

விவரத்தைக் கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு என்பதைத் தமிழ்நாட்டுத் தொழில்காரர்களுக்குச் சுனாமி கற்றுக்கொடுத்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் கரைகளுக்குப் பல ஊர்களிலிருந்து ஆலோசனைக் குழுக்கள் வந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். நேர்ந்ததை உடனே விவரமாகச் சொல்லவைத்துவிட்டால் பின்னால் நோய் வராது என்று அப்போது பரவலாக ஒரு நம்பிக்கை இருந்தது. முகாமில் இருந்த தாயிடம் ஒரு குழு வந்து அலை வந்த நேரத்தைச் சொல்லச் சொல்லும். மறுநாள் வேறொரு குழு வந்து அதையே கேட்கும். பிள்ளைகள் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். இந்த முறைக்கு எதிரான சான்றுகள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன. 1997-இல் வேல்ஸில் தீக்காய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பதின்மூன்று மாதம் கழித்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்குத்தான். களத்துக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. சோறு, தங்குமிடம், பிரிந்த உறவினரோடு சேர்த்துவைப்பது ஆகியவற்றில் கவனத்தை வைக்கிறது. கரையில் வேலை செய்தவர்கள் கண்ணால் கண்டதும் இதுதான். வலையும் படகும் திரும்பக் கிடைத்துக் கடலுக்குப் போன குடும்பங்கள், பேச்சு ஒன்றால் மட்டும் எழுந்ததைவிட வேகமாக எழுந்தன.

முதியவர்கள் விஷயம் தனி. ஒரு காலத்தில், பழைய கதை பேசும் கிழவருக்குப் புத்தி மங்குகிறது என்று மருத்துவர்களே நினைத்தார்கள். 1963-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்தார். மரணம் நெருங்கும் வயதில் வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்துவது இயல்பான வேலை என்றார். இன்று முதியோர் இல்லங்களில் நினைவுகூரல் அமர்வுகளே நடத்துகிறார்கள். பழைய ரேடியோ, ரேஷன் கார்டு, கல்யாணப் புகைப்படம் என்று எதையாவது மேசையில் வைத்தால் பேச்சு தானாக வரும். அங்கேயும் கவனிக்க வேண்டிய வித்தியாசம் அதேதான். மில்லில் வேலை பார்த்த காலத்தை ஷிப்ட் சங்கு, மேஸ்திரி, போனஸ் வாங்கிய தீபாவளி என்று சொல்லிக்கொண்டு போகிறவருக்கு முகம் தெளியும். 'வாழ்க்கையையே வீணாக்கிட்டேன்' என்று ஒரே வரியில் முடிக்கிறவரைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். வயதானவர்களின் வருத்தத்தில் இன்னொரு தன்மையும் தெரியும். செய்த தவறைவிடச் செய்யாமல் விட்டதுதான் அவர்களை அதிகம் அரிக்கிறது. தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் செய்த ஆய்வுகளிலும் இதுவே வந்தது. உடனடி வருத்தம் செய்ததைப் பற்றியது. வருடங்கள் போகப்போகச் செய்யாததே முன்னால் நிற்கிறது. செய்த தவறுக்கு ஓர் எல்லை இருக்கிறது. போகாமல் விட்ட வேலையையும் சேராமல் விட்ட படிப்பையும் மனம் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக வளர்த்துக்கொள்ளலாம்.

பகிர்ந்துகொண்டால் பாரம் குறையும் என்பது பாதி உண்மை. அமண்டா ரோஸ் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது இது: இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசும்போது நட்பு இறுகுகிறது, சோர்வும் கவலையும் கூடுகின்றன. அக்கா தங்கை தினமும் மாலையில் போனில் பேசிக்கொள்ளும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். பேச்சை நிறுத்தச் சொல்வது கொடுமை. வேறு துணை இல்லாத பெண்ணுக்கு அந்த ஒரு போன்தான் உலகம். பேச்சில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லலாம்: 'சரி, நாளைக்கு என்ன பண்ணப்போறே?' ஆண்களைவிடப் பெண்களிடம் இந்த உழற்சி அதிகம் என்று ஆய்வுகள் சொல்வதை மனத்தின் குணமாக மட்டும் படிக்கக் கூடாது. கை வேலையில் இருந்து, மனம் காலியாக இருக்கும் மணி நேரங்கள் யாருக்கு அதிகம் என்பதையும், நடந்ததை மாற்றும் அதிகாரம் யாரிடம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் பெரிய உரையாடல்களுக்கு இணையாகச் சின்ன ஏற்பாடுகளும் வேலை செய்கின்றன. 2014-இல் வாட்கின்ஸின் பெயரும் நோலன்-ஹோக்செமாவின் பெயரும் சேர்ந்து வந்த கட்டுரை (அவர் முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்) இந்த உழற்சியை ஒரு பழக்கமாகப் பார்க்கச் சொல்கிறது. பழக்கத்துக்கு இடமும் நேரமும் உண்டு. அதனால் ஆலோசகர் ஒரு வாரத்துக்கு எழுதிவரச் சொல்வார்: எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது? பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலி, அல்லது விடியற்காலை மூன்று மணிக் கட்டில். நாற்காலியை வாசலுக்கு மாற்றுவது, அந்த நேரத்தில் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலையை ஏற்பது, மூன்று மணிக்கு விழித்தால் படுத்தே கிடக்காமல் எழுந்து உட்காருவது என்று திட்டம் அமையும். அற்பமாகத் தெரியும் இந்த மாற்றங்களைச் சரியாகச் செய்தவர்கள் தெளிந்ததைத் தொழிலில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆழ்ந்த சோர்வுக்கு மாத்திரையும் வேண்டும். முதலில் தூக்கமும் பசியும் சீராகும். நினைப்பின் பிடி கடைசியில்தான் தளரும். 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வந்தால் சுற்றிவளைக்காமல், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அறை பூட்டிய பிறகு அப்படிப் பேசுகிறவரின் வீட்டாருக்கு, 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மனாஸ் எண் 14416 இருக்கிறது.

கைபேசி வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். முன்பு புகைப்பட ஆல்பம் பீரோவில் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். இப்போது 'இதே நாளில்' என்று படம் தானாக வந்து நிற்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிய படம் காலை ஏழு மணிக்கு வருகிறது. அந்த வசதியை அணைத்துவைக்கவும், பார்க்க விரும்பும் நேரத்தில் தானே திறந்து பார்க்கவும் கற்றுக்கொடுப்பது இன்று சிகிச்சையின் ஒரு பகுதி.

தெளிந்தவர்களுக்கும் இது திரும்ப வரும். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களிடம் டீஸ்டேலும் வில்லியம்ஸும் சேகலும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 66 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குச் சற்று கூடுதலான காலத்துக்குள் நோய் திரும்பியது. நினைப்பு எழும்போது அதன் பின்னால் ஓடாமல் கவனித்து விடும் பயிற்சி எடுத்தவர்களில் அது 37 விழுக்காடு. அதனால் கடைசி அமர்வில், திரும்பி வரும்போது முதலில் தென்படும் அடையாளங்களை வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டு எழுதி வாங்குகிறார்கள்: ஒரே கதையை ஒரே நாளில் இரண்டாவது முறை தொடங்குவது, சாப்பிடும்போது பேச்சு நிற்பது, விடியுமுன் விழிப்பது. மூன்றில் இரண்டு தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.